பெரிய மருமகளின் முதுகு

“சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். நீங்க தலைகீழா நின்னாலும் அந்த வரி என் வாயில வராது.”

“தலைகீழா நின்னுதாம்மா பதினோரு வருஷமா இந்த சீரியலை ஓட்டிக்கிட்டிருக்கேன்! நீ நேரா நின்னு ஒரே ஒரு வரி பேசிட்டுப் போயேன்!”

“ஒரே ஒரு வரியா? கட்டின வீட்டை இடிக்கக் கடப்பாரையும் ஒண்ணுதான் வேணும். அதுக்காக அது சின்னச் சாமானா?”

“யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா, வெளியில கேக்குது!”

கதவு சாத்தித்தான் இருந்தது. ஒலிப்பதிவு அறைக் கதவு. நாலு விரல் கனம், ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. இடியே விழுந்தாலும் சத்தம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது என்று காசைக் கொட்டிச் செய்தது. அதையும் மீறி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் காதில் வார்த்தை வார்த்தையாக விழுந்தது. விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ரப்பர் பட்டையும் இல்லை.

மைக்குக்கு முன்னால் நின்று கத்தியவள் குரல்காரி. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று கத்தியவர் தயாரிப்பு மேனேஜர். அவருக்குப் பக்கத்தில், தன் காலணியின் நுனியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் வசனகர்த்தா. மூவருக்கும் நடுவில், பொத்தான்களுக்கு முன்னால், ஹெட்போனை ஒரு சின்னத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் சவுண்ட் இன்ஜினியர். அவர் அதைத் துடைக்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. மனைவி போன பிறகு வந்த பழக்கம் என்று ஒரு பேச்சு. அதற்கு முன்பே உண்டு, அதனால்தான் அந்த அம்மாள் சீக்கிரம் போய்ச்சேர்ந்தாள் என்று இன்னொரு பேச்சு.

சண்டை எதைப் பற்றி என்று சொல்ல வேண்டும். அந்த சீரியலுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. “எட்டரை” என்பார்கள், அவ்வளவுதான். “எட்டரை பார்த்தியா?” “எட்டரையில இன்னிக்கு என்ன?” பதினோரு வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாள், இரவு எட்டரைக்கு அந்தக் குடும்பம் வந்து அழுதுவிட்டுப் போகும். அதன் நாயகி பெரிய மருமகள். கட்டின புருஷன் கொட்டும் மழையில் கட்டின புடவையோடு வெளியே தள்ளினான். அவள் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையை எடுத்து நடத்தி, பிறகு ஏழு கடை வைத்தாள். அவன் அதற்குள் இரண்டு முறை கல்யாணம் செய்து, ஒரு முறை ஞாபகம் தப்பி, ஒரு முறை செத்தும் போய், அது தன் இரட்டைச் சகோதரன் என்று சொல்லித் திரும்பி வந்தான். ஜனங்கள் எதையும் கேள்வி கேட்கவில்லை. பெரிய மருமகள் எப்போது அவன் முகத்துக்கு நேரே நின்று நாலு வார்த்தை கேட்பாள் என்பது ஒன்றைத்தான் பதினோரு வருடமாகக் கேட்டார்கள்.

அந்தப் பெரிய மருமகளின் முகம் ஒரு நடிகையுடையது. குரல் குரல்காரியுடையது. நடிகை வாயசைத்தாள், இவள் பேசினாள். குரல்காரிக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயது நாற்பத்துநாலு. ஆனாலும் பதினோரு வருடமாக ஒரு புருஷனிடம் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேருந்தில் “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று சொன்னால் போதும், மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கும். அவள் குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர் வராவிட்டால் வீட்டு உரிமையாளருக்குப் போன் போடும் வேலையை அவளிடம்தான் கொடுப்பார்கள். பெரிய மருமகளின் குரலில் “இது உங்களுக்கே நல்லா இருக்கா?” என்று கேட்டால் அரை மணி நேரத்தில் மோட்டார் ஓடும்.

இன்றைக்கு அந்தப் பெரிய மருமகளின் கடைசி நாள். முதல் பாகம் முடிகிறது. குரல்காரியின் கையில் இருந்த தாளில், கடைசிக் காட்சியில், கடைசி வரி இப்படி எழுதியிருந்தது: “எல்லாம் உங்களுதுதாங்க. இனிமே உங்க காலடியில ஒரு ஓரமா இருந்தாலே எனக்குப் போதும்.”

“சார், நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க?” குரல்காரி வசனகர்த்தாவைப் பார்த்துக் கேட்டாள். “கதவை அவன் மூஞ்சியில சாத்திட்டுப் போவான்னு சொன்னீங்களா இல்லையா?”

“எழுதினேம்மா. அப்படித்தான் எழுதினேன்.” வசனகர்த்தா காலணியிடமே பேசினார். “சேனல்ல மாத்தச் சொல்லிட்டாங்க. ரெண்டாம் பாகத்துக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணுமாம்.”

“ஒரே வீட்டுல இருந்து?”

“அவங்க மருமக வந்து அவங்களைக் கொடுமைப்படுத்தணும்.”

“ஆகா. அதுக்குத் தோதா இவளைக் கால்ல விழ வைக்கிறீங்க.”

மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். மணி இரண்டே கால். எட்டரை என்பது அன்றைக்குச் சமைத்து அன்றைக்கே பரிமாறும் சாப்பாடு. நாலு மணிக்குக் குரல் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும், அங்கே இசையோடு கலந்து, ஏழரைக்கு சேனலுக்குப் போக வேண்டும். ருசி பார்க்கக்கூட யாருக்கும் நேரம் கிடையாது.

இதுவரை சொன்னது தொழில் சண்டை. தொழில் சண்டைக்காகக் குரல்காரி கதவு அதிரக் கத்துகிறவள் இல்லை. ஞாபகம் தப்பிய புருஷனுக்கு அவள் தாலாட்டு பாடியிருக்கிறாள், ஒரு சொல் முணுமுணுக்காமல். இன்றைக்கு அவளைக் கத்த வைத்தது வேறு.

அவளுக்கு ஒரு தங்கை. குரல்காரி குடியிருந்த கட்டடத்திலேயே கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை, மேலே அக்காவோடு வாசம். மூன்று வருடத்துக்கு முன் புருஷன் வீட்டை விட்டு ஒரு பையோடு வந்தவள். “அடிச்சானா? இல்லையே. குடிச்சானா? அதுவும் இல்லையே. அப்புறம் என்னம்மா குறைச்சல்?” என்று அவள் நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா, ஞாயிறுதோறும் வந்து கேட்பாள். குறைச்சல் என்னவென்றால் அந்த மனிதர் பேசமாட்டார். ஆறு வருடக் குடித்தனத்தில் “உப்பு இல்லை”, “சட்டை எங்கே”, “சத்தம் போடாதே” என்ற மூன்றைத் தவிர அவர் வாயிலிருந்து நாலாவது வாக்கியம் விழவில்லை. தங்கை கலகலவென்று பேசுகிறவள். அந்த வீட்டில் இருந்த வருடங்களில் குழாயடியில் நின்று குழாயோடு பேசியிருக்கிறாள். இதை வெளியில் சொன்னால் ஒரு குறையாகவே யாருக்கும் படாது. அக்காவுக்கு மட்டும் பட்டது.

நாத்தனார் எட்டரையின் பரம ரசிகை. ஞாயிறு அன்று சமாதானம் பேச வருவாள். பேச்சு பாதியில் சீரியலுக்குத் தாவிவிடும். மூன்று வாரத்துக்கு முன்பு அப்படித்தான் தாவியது. “பாரேன், அந்தப் பெரிய மருமகளே கடைசியில புருஷன்கிட்டதான் போகப் போறா. பொம்பளைக்கு வேற போக்கிடம் ஏது?” என்றாள் நாத்தனார்.

“அவ போக மாட்டா அண்ணி.”

“போவா.”

“போனா நானும் வரேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு அன்னிக்கே வரேன். போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. சாட்சிக்கு ஆள் வேண்டுமே. முதல் மாடிப் பல் டாக்டர் அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாள் இரவல் கேட்டு வாசலில் நின்றிருந்தார். பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

தங்கை கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்யவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். “அவ போக மாட்டா” என்று சொல்லும்போது ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தாள். கதையை வெளியில் சொல்லக்கூடாது என்று குரல்காரி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வாயைத் திறக்க முடியாது. ஆனால் கதவைச் சாத்தப்போகிறாள் என்று வசனகர்த்தா சொல்லியிருந்த நினைப்பில் உதட்டோரமாய் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் தங்கை குதித்தாள். பதினோரு வருடம் குரலை அடகு வைத்துச் சம்பாதித்த மரியாதையை, ஒரு சிரிப்பில் தங்கையின் வாழ்க்கையோடு சேர்த்துப் பணயம் வைத்தாகிவிட்டது.

இன்று மாலை நாத்தனார் வருகிறாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு. பெட்டிகூட அவளே கொண்டுவருவதாகத் தகவல்.

“சரிம்மா,” என்றார் மேனேஜர், திடீரென்று குரலைத் தணித்து. அவர் தணித்தால்தான் பயப்பட வேண்டும். “நீ பேச வேணாம். விடு. வயலினை ஏத்திடுறேன். படத்தைப் பாரு.”

திரையில் காட்சி ஓடியது. உண்மையில் அதில் பெரிய மருமகளே இல்லை. அந்த நடிகை ஒரு மாதம் முன்பே மேனேஜரோடு சண்டை போட்டு, வேறு சேனலில் ஒன்பது மணி சீரியலுக்குப் போய்விட்டாள். அதே உயரத்தில் ஒரு டூப் பெண்ணுக்கு அதே புடவையைக் கட்டி, முதுகுப் பக்கமாக நிறுத்திப் படம் பிடித்திருந்தார்கள். தெரிந்தது ஒரு முதுகு, ஒரு கொண்டை, நீட்டிய கையில் ஒரு சாவிக்கொத்து. எதிரே புருஷன், ஊன்றுகோலும் கண்ணீருமாக. முதுகு சாவியைக் கொடுக்கிறது. அவன் வாங்கிக்கொண்டு விம்முகிறான். முதுகு மெல்லக் குனிகிறது. படம் அப்படியே உறைகிறது. மொத்தம் பதின்மூன்று விநாடி.

“சாவியைக் குடுக்கறா, குனியறா, அவன் அழறான். பேச்சே வேணாம், குழந்தைக்குக்கூடப் புரியும். நீ பேசினா உனக்கு மரியாதை. பேசலைன்னா வயலினுக்கு மரியாதை.”

குரல்காரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் ஜெயித்துவிடலாம் என்று அதுவரை நினைத்திருந்தாள். இவள் மௌனமாக இருந்தால் அந்த முதுகு தானாகவே காலில் விழுந்துவிடும். முகம் போய்விட்டது. உடம்பு இரவல். பெரிய மருமகள் என்று மிச்சமிருப்பது அந்த அறையில் நின்ற ஒரு தொண்டை மட்டும்தான்.

“பேசறேன்,” என்றாள்.

பேசினாள். தாளில் இருந்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல். “காலடியில” என்ற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. “போதும்” என்பதில் காற்று மட்டும் வந்தது. தொழில் என்று வந்துவிட்டால் அவளால் அரைகுறையாய்ச் செய்ய முடியாது. அது அவள் வியாதி. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுதாம்மா! இதுக்குத்தானே இவ்வளவு நேரம்!” என்று கண்ணாடியைத் தட்டினார். அதற்குள் அவர் போன் அடித்தது. இரண்டாம் பாகத்துக்குப் போட்ட செட்டில் மாடிப்படிக்கு பெயின்டர் பச்சை அடித்துவிட்டானாம். “பச்சையா? யாருடா பச்சை சொன்னது?” என்று கத்திக்கொண்டே கிளம்பினார். வசனகர்த்தா குரல்காரியின் முகத்தைப் பார்க்காமல் பின்னாலேயே போனார்.

அறையில் இரண்டு பேர் மிச்சம்.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் திருப்தி ஆகிறவரை “இன்னொரு டேக், இன்னொரு டேக்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். திருப்தி ஆனதும் நிறுத்திவிடுவார். ஆகவே கடைசி டேக் எதுவோ அதுதான் சரியான டேக். பக்கத்துக் கட்டடத்தில் கலக்கிறவர்கள் டேக் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பெரிய எண்ணை எடுத்துப் போடுவார்கள். காதில் வைத்துக் கேட்பதெல்லாம் முதல் வருடத்தோடு போனது.

“சார்,” என்றாள் குரல்காரி. “இன்னொரு டேக்.”

இன்ஜினியர் துடைப்பதை நிறுத்தினார். அது நடந்ததே இல்லை. “அதான் ஓகே ஆயிடுச்சே மேடம்.”

“எனக்கு ஆகல.”

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பதினோரு வருடமாக அதே கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் மூச்சு இழுத்தால் எந்த வார்த்தை வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது இழுத்த மூச்சு தாளில் இருந்த எந்த வரிக்குமானது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

“எனக்கு என்னமோ காது அடைச்ச மாதிரி இருக்கு மேடம்,” என்றார். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஒண்ணும் கேக்காது. பொத்தானை மட்டும் அமுக்கறேன். பொத்தானை அமுக்கறதுதானே என் வேலை?”

“ஒரு நிமிஷம்.”

குரல்காரி கனமான கதவைத் தள்ளித் திறந்து வாசலுக்குப் போனாள். ஒலிப்பதிவு அறைக்குள் செருப்புச் சத்தம் ஆகாது. எல்லோரும் வெளியே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் செருப்பு கொண்டுவந்த முதல் ஆள் அவள்தான். கம்பளத்தைச் சுருட்டித் தள்ளிவிட்டு, மைக்குக்கு நேர் கீழே வெறும் தரையில் இரண்டையும் ஜோடியாக வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

மாலை ஏழரைக்கெல்லாம் குரல்காரியின் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. சேனலில் வராத நாடகம் ஒன்று நம் கட்டடத்திலேயே நடக்கிறதென்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? பல் டாக்டர் வழக்கமாகவே எட்டு இருபதுக்கு மேல் யார் வாயையும் திறக்கமாட்டார். அன்று ஏழு மணிக்கே க்ளினிக்கைப் பூட்டிவிட்டார். சோபாவின் நடுவில் நாத்தனார். அவள் காலடியில், சொன்னபடியே, ஒரு பெட்டி. காலிப் பெட்டி, யாரோ முழங்காலால் இடித்தபோது டமாரம் மாதிரி ஒலித்தது. மாப்பிள்ளை மேலே வரவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தவர்கள், ஒன்றும் செய்யவில்லை என்று வந்து சொன்னார்கள்.

தங்கை சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். அக்கா வந்ததிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்பு பார்த்த அந்தச் சிரிப்பைத் தேடினாள். அது அங்கே இல்லை.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “போயிடுறாளா?”

“பாரு,” என்றாள் குரல்காரி. அதற்கு மேல் என்ன சொல்வது? கலக்கிறவர்கள் எந்த எண்ணை எடுத்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது. மேனேஜர் பச்சை மாடிப்படியை விட்டுவிட்டு வந்து ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தால் தீர்ந்தது. பார்க்காமல் இருந்தால் அதுவும் தீர்ந்தது, வேறு மாதிரி.

எட்டரை. அழுகை, விளம்பரம், அழுகை, விளம்பரம். எட்டு ஐம்பத்தெட்டுக்கு முதுகு வந்தது.

“ஐயோ, முகத்தைக் காட்டுங்களேண்டா!” என்றார் பல் டாக்டர். சீரியலே பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

முதுகு சாவிக்கொத்தை நீட்டியது. நாத்தனார் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வயலின் கிளம்பியது. குரல்காரி தன் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“இந்தாங்க, உங்க வீட்டுச் சாவி,” என்றது முதுகு.

குரல்காரி முறுக்கிய தலைப்பை விட்டாள்.

“பதினோரு வருஷமா என் பையில கனத்துச்சு. என் கடைச் சாவி இதுல இல்ல, தேடாதீங்க.” எதிரே புருஷன் விம்மினான். முதுகு குனியத் தொடங்கியது. “குனியறேன்னு நினைச்சுடாதீங்க. செருப்பை மாட்டிக்கிறேன்.”

டப். டப். தரையில் செருப்பு விழுகிற சத்தம், வயலினைத் தாண்டிக் கணீரென்று கேட்டது. படம் உறைந்தது.

முதலில் வாய் திறந்தவள் நாத்தனார்.

“இல்ல… கால்லதானே விழறா?”

“செருப்பை மாட்டறா அண்ணி,” என்றாள் தங்கை.

“இது என்ன முடிவு? இது ஒரு முடிவா? பதினோரு வருஷம் ஒரு நாள் விடாமப் பார்த்தேன். என் பொண்ணு பிரசவத்தப்போகூட ஆஸ்பத்திரி டிவியில பார்த்தேன். கடைசியில கிளம்பிப் போறதுக்கா?” நாத்தனாருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. பாவம், அந்தச் சீரியலின் முடிவால் ஏமாந்துபோன ஒரே ஆத்மா அவள்தான். மற்றவர்கள் அதற்குள் கைதட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது குரல்காரியின் போன் அடித்தது. மேனேஜர். காதில் வைக்கவே தேவையில்லை; கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே? நான் உன்னை என்ன பேசச் சொன்னேன், நீ என்ன பேசியிருக்கே? எங்கிருந்து வந்துச்சு அந்தச் செருப்பு?”

“என் செருப்புதான் சார்.”

“இனிமே நீ இந்த லைன்ல எங்க பேசறேன்னு பார்க்கறேன்!”

“பாருங்க சார். பார்க்கறதுக்கு எதுவுமே இல்லாத இடத்துலதான் நான் பேசறதே.” போனை வைத்தாள்.

நாத்தனார் மெல்ல எழுந்தாள். காதும் மூளையும் வேலை செய்கிற பெண்மணி. “ஓஹோ. அப்போ எழுதினது வேற. அவ புருஷன்கிட்ட போறதாத்தான் எழுதியிருக்கான். நீங்க அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து மாத்திட்டீங்க. இது செல்லாது. சத்தியம் சத்தியம்தான். கிளம்பும்மா.”

எல்லோரும் குரல்காரியைப் பார்த்தார்கள். அவளுக்கு நாலு பதில் தொண்டை வரை வந்தது. பெரிய மருமகள் குரலில் ஒன்று போட்டால் நாத்தனார் பெட்டியோடு படி இறங்கிவிடுவாள். வாயைத் திறந்தாள்.

“அக்கா, நீ சும்மா இரு,” என்றாள் தங்கை.

குரல்காரி வாயை மூடினாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மற்றவர்களுக்காகப் பேசியே பழகியவள். மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தங்கை வந்து நாத்தனாருக்கு முன்னால் நின்றாள். குரல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஜெராக்ஸ் கடையில் “ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?” என்று கேட்கிற அதே குரல். “அண்ணி, நான் செஞ்சது முட்டாள்தனம். என் வாழ்க்கையைக் கொண்டுபோய் எவளோ ஒருத்தி முதுகுல கட்டிட்டேன். இப்ப அவுத்துக்கறேன். அவ போனதா எழுதியிருந்தாலும் சரி, போகலைன்னு எழுதியிருந்தாலும் சரி, நான் வரல. அக்கா சொல்லிக் குடுக்கல. டிவி சொல்லிக் குடுக்கல. நானே சொல்றேன். வரமாட்டேன்.”

“சத்தியத்தை மீறுறியா?”

“மீறுறேன். பாவம் வந்தா எனக்குத்தானே? வரட்டும், அதோடயாவது பேசிக்கிட்டிருப்பேன்.”

பிறகு காலிப் பெட்டியைத் தானே தூக்கினாள். “வாங்க, படி இருட்டா இருக்கும், நான் கொண்டுவரேன்,” என்று நாத்தனாருக்கு முன்னால் இறங்கினாள். கட்டடமே பின்னால் இறங்கியது. கடை வாசலில் மாப்பிள்ளை பெட்டியைக் கையில் வாங்கினார். அதன் கனத்தைப் பார்த்தார், கனம் இல்லை. மனைவியைப் பார்த்தார். ஆறும் மூன்றும் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த நாலாவது வாக்கியம் வரப்போகிறது என்று எல்லோரும் காதைத் தீட்டினார்கள்.

“சட்டை எங்கே?” என்றார். அவருடைய பழைய சட்டை ஒன்று இவள் பையோடு வந்துவிட்டதாம்.

தங்கை சிரித்தாள். படிக்கட்டில் நின்றிருந்த குரல்காரி அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உட்கார்ந்தாள். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சேனலுக்கு அன்று போன் மேல் போன். மறுநாள் காலை “யாரும் எதிர்பாராத துணிச்சலான முடிவு” என்று அவர்களே விளம்பரம் போட்டுக்கொண்டார்கள். அந்த வருடத்தின் சிறந்த வசனம் என்று செருப்பு வரிக்குப் பரிசு கிடைத்தது, வசனகர்த்தாவுக்கு. மேடையில் மனைவிக்கு நன்றி சொன்னார். குரல்காரிக்குத் தொண்டை மாத்திரை ஒரு டப்பா அனுப்பிவைத்தார், பெயர் போடாமல். இரண்டாம் பாகத்துக்குப் புதுக் குரல். அந்தப் பாகமே ஐந்து மாதத்தில் படுத்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இல்லாமல் மருமகள் யாரைக் கொடுமைப்படுத்துவாள்? குரல்காரியை எந்த சீரியலும் கூப்பிடவில்லை. மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டால் “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்று இப்போது அவள்தான் சொல்கிறாள். கட்டடத்தில் கரண்ட் இருக்கும்போதே நாலு பேர் புகார் செய்கிறார்கள்.

மாப்பிள்ளை விவாகரத்து வாங்கி மறுகல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் காலையில் ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை ஓயமாட்டாளாம். அவருக்கு மூன்று வாக்கியம் பேசவும் இடைவெளி கிடைப்பதில்லை என்று கேள்வி. நாத்தனார் தன் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டாள், லாரி ஆட்களை நம்பாமல் டிவியை மடியில் வைத்துக்கொண்டு. டூப் பெண் அந்தப் பச்சை பெயின்டரைக் கட்டிக்கொண்டாள். தங்கை பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு கல்லூரி வாசலில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை போட்டு அங்கேயே குடிபோனாள். பிள்ளைகள் ஒரு பக்கம் நகல் எடுக்க வந்து அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறார்களாம்.

குரல்காரியும் சவுண்ட் இன்ஜினியரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தங்கைதான் சாட்சி. “சம்மதமா?” என்று அலுவலர் கேட்டபோது குரல்காரிக்குக் குரலே எழும்பவில்லை. “இன்னொரு டேக் மேடம்,” என்றார் இன்ஜினியர். இரண்டாவது முறை வெளிவராந்தா வரை கேட்டது. இப்போது அவர் வீட்டுக்கே குடிபோய்விட்டாள். அவள் காலி செய்த வீட்டில் புதிதாக வந்திருக்கிறவர்களிடம் டிவியே கிடையாதாம். என்ன மனிதர்களோ.